ஜெயிலில் மகன், ஊரெல்லாம் அவர் பாட்டு!

1995-ம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவில் ஒரு புது இசைத்தட்டு கடைக்கு வந்தது. முதல் வாரத்திலேயே 2 லட்சத்து 40 ஆயிரம் தட்டுகள் விற்றன. நாட்டிலேயே விற்பனையில் அதற்குத்தான் முதல் இடம்.

பாடியவருக்கு வயது 23. கடைப் பக்கம் போய் அந்தக் கூட்டத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. காரணம், அவர் அப்போது நியூயார்க் மாநிலத்தில் ஒரு ஜெயிலில் கைதியாக இருந்தார்!

அவர்தான் டூபாக் ஷக்கூர். 'ராப்' பாட்டில் பெயர் பெற்றவர்.

ராப் என்றால் என்ன? அதில் ராகத்துக்கு அதிக வேலை இல்லை. தாளம் விடாமல் ஒலிக்கும். அதன்மேல் பாடகர் எதுகையோடு மடமடவென்று வார்த்தைகளைக் கொட்டுவார். நியூயார்க் நகரில் ஏழைக் கறுப்பர்கள் வாழ்ந்த பேட்டைகளில் 1970-களில் பிறந்த கலை இது.

தாய் நடத்திய வழக்கு

டூபாக் பிறப்பதற்கு முன்பே அவர் கதையில் ஜெயில் வந்துவிட்டது.

தாயார் பெயர் அஃபேனி. கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய 'கருஞ்சிறுத்தைகள்' கட்சியைச் சேர்ந்தவர். வெடிகுண்டு வைக்கச் சதி செய்ததாக அவர் மீதும் தோழர்கள் மீதும் வழக்கு வந்தது. வயிற்றில் பிள்ளையோடு ஜெயிலில் கிடந்தார். வக்கீல் வேண்டாம் என்று தமக்காகத் தாமே கோர்ட்டில் வாதாடினார். சட்டம் படித்தவர் அல்ல, ஆனாலும் ஜெயித்தார்! 1971 மே மாதம் எல்லோருக்கும் விடுதலை. அடுத்த மாதம், ஜூன் 16-ந் தேதி மகன் பிறந்தான். ஸ்பெயின்காரர்களை எதிர்த்துப் போராடி உயிர்விட்ட பெரு நாட்டு வீரர் டூபாக் அமாருவின் பெயரை அவனுக்கு வைத்தார்.

குடும்பத்தில் வறுமை. பிறகு பால்ட்டிமோர் நகருக்குக் குடி போனார்கள். அங்கே கலைப் பள்ளியில் சேர்ந்த சிறுவன் நடிப்பும் கவிதையும் நாட்டியமும் கற்றான். 1988-ல் மறுபடியும் ஊர் மாற்றம். இந்தத் தடவை கலிபோர்னியா.

அங்கேதான் இடி விழுந்தது. கோர்ட்டையே கலக்கிய தாய், போதைப் பழக்கத்துக்கு அடிமையானார். மகன் மனம் வெறுத்து வீட்டை விட்டு வெளியேறினான்.

ஒரு பாட்டுக் குழுவில் மூட்டை தூக்கவும் பின்னால் நின்று ஆடவும் சேர்ந்தார். 1991-ல் சொந்த இசைத்தட்டு வந்தது. அடுத்து சினிமா. பணம் வந்தது, வம்பும் கூடவே வந்தது.

ஐந்து குண்டுகள்

1994 நவம்பர் 30-ந் தேதி இரவு. நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் டூபாக்கைச் சுட்டார்கள். ஐந்து குண்டுகள் பாய்ந்தன. ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் டாக்டர்கள் பேச்சைக் கேளாமல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறினார். மறுநாள் சக்கர நாற்காலியில் கோர்ட்டுக்கு வந்தார்.

அது ஒரு பெண் கொடுத்த மானபங்கப் புகார். அவர் மறுத்தார். ஆனால் ஜூரிகள் குற்றவாளி என்றே சொன்னார்கள். ஒன்றரை ஆண்டு முதல் நாலரை ஆண்டு வரை தண்டனை. பெண்களை மதிக்கச் சொல்லி 1993-ல் பாடியவரும் இவர்தான்! அவருடைய ரசிகர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போவார்கள். நாம் அப்படிப் போவதற்கில்லை.

ஜெயிலுக்குப் போகும் முன்பே பதிவு செய்த பாட்டுகள்தான் அந்த மார்ச் மாதம் தட்டாக வந்தன. தட்டின் பெயர் 'மீ அகெய்ன்ஸ்ட் தி வேர்ல்ட்'. உலகத்துக்கு எதிரே நான் ஒருவன் என்று பொருள். சாவுப் பயமும் சலிப்பும் நிறைந்த பாட்டுகள். ஜெயிலில் இருந்துகொண்டே விற்பனையில் முதல் இடம் பிடித்த முதல் பாடகர் அவர்தான்.

அந்தத் தட்டில் ஜனங்கள் மனதில் ஒட்டிக்கொண்டது 'டியர் மாமா' என்ற பாட்டு. மாமா என்றால் அங்கே அம்மா. சண்டை போட்டு வீட்டை விட்டுப் போன மகன், தாயின் போதைப் பழக்கத்தை மறைக்காமலே சொல்கிறான். சர்க்கார் உதவிப் பணத்தில் அவள் வீட்டை நடத்தியதையும் சொல்கிறான். பட்ட கடனை எப்படித் தீர்ப்பேன் என்று உருகுகிறான்.

1995 அக்டோபரில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி 14 லட்சம் டாலர் ஜாமீனுக்கு ஏற்பாடு செய்து அவரை வெளியே கொண்டுவந்தார். அதற்குப் பதில், அந்தக் கம்பெனிக்குப் பாட வேண்டும். 1996 பிப்ரவரியில் வந்த 'ஆல் ஐஸ் ஆன் மீ' முந்தியதைவிட அமோகமாக விற்றது.

அந்தச் சந்தோஷம் ஏழு மாதம்கூட நிலைக்கவில்லை. செப்டம்பர் 7-ந் தேதி லாஸ் வேகாஸ் நகரில் குத்துச்சண்டை பார்த்துவிட்டுக் காரில் போகும்போது சுட்டார்கள். 13-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 25. கொலை வழக்கில் ஒருவரைப் போலீசார் கைது செய்தது 2023-ல்தான்!

போதையிலிருந்து மீண்டிருந்த அஃபேனி, மகன் விட்டுச்சென்ற பாட்டுகளைத் திரட்டிப் புதுத் தட்டுகளாக வெளியிட்டார். 2010-ல் 'டியர் மாமா' பாட்டை, அழியாமல் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சேர்த்தது. அப்போது அந்தத் தாய்க்கு வயது 63.