பொருநைக் கரை தந்த கண்ணியத் தலைவர்

பாரதியையும் வ.உ.சி.யையும் ஈன்ற நெல்லைச் சீமை, நாட்டுக்கு அளித்த மற்றொரு மாணிக்கம் காயிதே மில்லத் முகம்மது இசுமாயில் சாகிப். பொருநை பாயும் திருநெல்வேலியின் பேட்டையில் 1896ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் அவர் பிறந்தார்.

திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிக் கல்வி பெற்ற அவர், 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பட்டப்படிப்பையே துறந்தார். பின்னர்ச் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டுப் பெயர் பெற்றார். 1946இல் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அடுத்த ஆண்டே நாடு இரண்டாயிற்று. முஸ்லிம் லீகின் பெருந்தலைவர்கள் பலர் பாகிஸ்தான் சென்றனர். இங்கேயே தங்கிய கோடிக்கணக்கான முஸ்லிம்களோ ஐயத்தோடு நோக்கப்பட்டனர். கட்சியைக் கலைத்துவிடுவதே நலம் என அறிவுரை கூறியோர் பலர். பிறந்த மண்ணை விடுவதா? அன்றித் தனித்தன்மையை விடுவதா? இரண்டையும் விட வேண்டியதில்லை என்பதே இசுமாயில் சாகிப் கண்ட விடை. 1948 மார்ச்சு 10ஆம் நாள் சென்னை இராசாசி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அவர் தலைமையில் உருவாயிற்று.

அவர் ஏந்திய கருவி வாளன்று, வாதமே. அரசியல் நிர்ணய சபையில், எந்தச் சமூகத்தாரும் தம் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என 1948இல் திருத்தம் கொணர்ந்தார். அது தோற்றது. 1949இல் தனித்தொகுதி கேட்டார். அதுவும் தோற்றது. ஆயினும் அவையை வெறுத்து அவர் வெளியேறவில்லை. தம் கோரிக்கைகளை ஏற்காத அதே அரசியல் சட்டத்தின் கீழ் மக்களிடம் வாக்குக் கேட்டார். மொழி பற்றிய விவாதத்தில், தொன்மையே அளவுகோல் எனில் தமிழுக்கே அத்தகுதி உண்டு என முழங்கினார். இசுலாம் அவர் நெறி. தமிழ் அவர் மொழி. இந்தியா அவர் நாடு. இவற்றுள் முரண் எதையும் அவர் காணவில்லை.

1952 முதல் மாநிலங்களவையில் பணியாற்றினார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் இத்தமிழரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1962இல் சீனப் போர் மூண்டபோது, தம் ஒரே மகனையும் படைக்கு அனுப்ப ஆயத்தமாயிருப்பதாகப் பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார். 1967இல் இராசாசி, அண்ணா ஆகியோருடன் கைகோத்துத் தமிழகத்தின் ஆட்சி மாற்றத்துக்குத் துணை நின்றார். மாற்றுக் கட்சியினரும் கண்ணியத்துக்குரியவர் என்றே அவரைக் குறிப்பிட்டனர்.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்த அவர், சென்னைத் திருவல்லிக்கேணி வாலாசா பள்ளிவாசல் வளாகத்தில் துயில்கிறார். 1974இல் தொடங்கப்பட்ட அரசு மகளிர் கல்லூரி ஒன்று சென்னையில் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

பிரிட்டனிலும் பிரான்சிலும் செர்மனியிலும் குடியேறி வாழும் முஸ்லிம்கள், நெறியைப் பேணியே முழுக் குடிமக்களாக வாழ இயலுமா என்ற வினாவை இன்று எதிர்கொள்கின்றனர். அவ்வினா அவர்களுக்கு மட்டும் உரியதன்று. அவர்களோடு வாழும் பெரும்பான்மையினருக்கும் உரியது. தோல்வியுற்றவரின் குரலையும் செவிமடுத்த அவையும், தோற்றபின்னும் அவையை மதித்த தலைவரும் சேர்ந்தே அதற்கு விடை தந்தனர் என்பதைப் பேட்டை ஈந்த பெருமகனின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.