மக்காச்சோள மகரந்தத்தில் ஒளியின் சேதத்தைக் கண்ட ஸ்டாட்லர்

விவசாயப் பெருமக்களே, பச்சைக்காய்ப்புழுவுக்கு என்.பி.வி. வைரஸ் கரைசல் வாங்கியபோது, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். காலை பத்து மணிக்கு அடித்துவிட்டு, மருந்து கேட்கவில்லையே என்று நொந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். காரணம் புரிய வேண்டுமானால் லூயிஸ் ஸ்டாட்லரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1896-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். வேளாண்மை படித்து மிசௌரி பல்கலைக்கழகத்தில் பயிர்த்துறையில் சேர்ந்தார். முளைக்கும் பார்லி விதைகள் மீது எக்ஸ்ரே கதிரைச் செலுத்திப் பார்த்தார். ஏன் பார்லி? நெல்லைப் போல அதுவும் தூர் கட்டும். தூர்களுக்கான குருத்துகள் விதைக்குள்ளேயே தனித்தனியாக இருக்கும். ஒரு குருத்தில் மாற்றம் விழுந்தால் அந்தத் தூரின் கதிரில் மட்டும் தெரியும். அதே செடியின் மற்றக் கதிர்கள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். நாற்றங்கால் வைக்கும் உங்களுக்கு இந்த யோசனையின் அருமை தெரியும்.

அந்தக் கதிர்மணிகளை விதைத்தபோது வெள்ளை நாற்றுகளும் மஞ்சள் நாற்றுகளும் முளைத்தன. பச்சையம் இல்லாத வெள்ளை நாற்று பிழைக்காது. 1928-ல் இதை வெளியிட்டார். ஈக்களில் இதே விளைவைக் கண்ட ஹெர்மன் முல்லர் 1927-லேயே முந்திக்கொண்டார். ஆனால் ஸ்டாட்லர் தன் கண்டுபிடிப்பைப் பெரிதாக விற்கவில்லை. எக்ஸ்ரே பரம்பரைப் பண்பை மாற்றுவதைவிட உடைப்பதே அதிகம் என்று சந்தேகப்பட்டார். அந்த நேர்மைதான் அவரை அடுத்த ஆய்வுக்குக் கொண்டுபோனது.

அது புற ஊதா ஒளி. எக்ஸ்ரே போல அது ஆழமாக ஊடுருவாது. அதனால் மக்காச்சோள மகரந்தத்தை ஒரே படலமாகப் பரப்பி, ஒளி காட்டி, பிறகு கதிரின் பட்டு இழைகளில் தூவினார். மணிகளின் நிறம் மாறியதை வைத்தே சேதத்தை எண்ணினார். 1942-ல் பிரெட் ஊபருடன் சேர்ந்து வெவ்வேறு அலைநீளங்களை ஒப்பிட்டபோது, டி.என்.ஏ. போன்ற நியூக்ளிக் அமிலங்கள் அதிகம் உறிஞ்சும் சுமார் 260 நானோமீட்டர் பகுதியில்தான் சேதமும் அதிகம் என்று தெரிந்தது. ஜீன் என்பது புரதம் என்றே பலர் நம்பிய காலம் அது. 1954-ல், 57 வயதில் அவர் மறைந்தார்.

அவ்வளவு குறுகிய அலை வெயிலில் நம் நிலம் வரை வராது. ஓசோன் படலம் தடுத்துவிடும். தப்பி வரும் புற ஊதாவே போதும், டி.என்.ஏ.வின் அடுத்தடுத்த எழுத்துகளை ஒட்டவைத்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. உயிரணுவில் உள்ள நிறமிகள் ஒளியைப் பிடித்து ஆக்சிஜனைத் தூண்டிவிடும். முறுக்கேறிய அந்த ஆக்சிஜன் டி.என்.ஏ.வின் குவானின் எழுத்தைத் தாக்கும். இரும்பு துருப்பிடிப்பது போன்ற ஆக்சிஜனேற்றம்தான் இதுவும். துருப்பிடித்த குவானின், நகல் எடுக்கும்போது சைட்டோசினுக்குப் பதில் அடினினோடு ஜோடி சேரலாம். அப்படிப் பிறப்பதே சடுதி மாற்றம்.

செடிக்குள் பழுது பார்க்கும் நொதிகள் உண்டு. இலைமேல் கிடக்கும் என்.பி.வி.யும் டி.என்.ஏ. வைரஸ்தான், ஆனால் புழுவின் வயிற்றுக்குள் போகும்வரை அதற்கு எந்தப் பழுதுபார்ப்பும் கிடையாது. அதனால் மாலையில் அடியுங்கள். இரவில் புழு இலையைத் தின்னட்டும். வெல்லமும் ஒட்டும் திரவமும் சேர்த்து, இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளியுங்கள். மீதிப் புட்டியை வெயில் விழும் திண்ணையில் வைக்காதீர்கள்.