ஜிம் கார்பெட்டின் துப்பாக்கிகள்

இமயமலை அடிவாரத்தில் அமைந்த நைனித்தாலில், 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் ஜிம் கார்பெட் பிறந்தார். தந்தை அவ்வூரின் அஞ்சல் அதிகாரி. சிறு வயதிலேயே தந்தையை இழந்த கார்பெட், காடே பள்ளியாக வளர்ந்தார். அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கியின் இரு குழல்களில் ஒன்று வெடித்துப் பிளந்திருந்தது. குழலும் கட்டையும் பிரிந்துவிடாதபடி பித்தளைக் கம்பியால் சுற்றியிருந்தார்கள். அதைக் கொண்டுதான் அவர் காட்டில் ஓசையின்றி நடக்கவும், ஒரே குண்டில் குறி தவறாமல் சுடவும் பழகினார்.

பின்னர், மாணவர் படையிலிருந்து மார்டினி-ஹென்றி என்ற துப்பாக்கியை இரவல் பெற்றார். அதன் குழலின் உள்விட்டம் 0.45 அங்குலம். சுட்டவுடன் தோளைப் பலமாக உதைக்கும் துப்பாக்கி அது. அதனைக் கொண்டே அச்சிறுவர் தம் முதல் சிறுத்தையை வீழ்த்தினார்.

துப்பாக்கியின் ஆற்றலை அக்காலத்தில் பலரும் குழலின் விட்டத்தைக் கொண்டே அளந்தனர். விட்டம் பெரிதானால் குண்டும் கனக்கும். விலங்கின்மீது விழும் அடியும் வலுக்கும். ஆனால், அதே விசை சுடுபவரின் தோளையும் பின்னோக்கித் தள்ளும். அதைத் தாங்குவதற்காகத் துப்பாக்கியையே கனமாகச் செய்வார்கள். இலங்கையின் நுவரெலியாவில் வாழ்ந்து யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பின்னாளில் ஆப்பிரிக்காவுக்கு ஒரு ராட்சதத் துப்பாக்கியைக் கொண்டு சென்றார். அரை இறாத்தல் எடையுள்ள குண்டை வீசக்கூடியது அது. சுடும்போதெல்லாம் அவரையே சுழற்றிவிட்டதால், அதைத் தொடவே அவர் தயங்கினார். வேட்டைக்காரரை அச்சுறுத்தும் ஆயுதம் வேட்டைக்கு எவ்வளவு உதவியிருக்கும்?

கார்பெட்டின் வாழ்க்கையைத் திருப்பியது 1907ஆம் ஆண்டு. நேபாளத்திலும் குமாவுன் மலைப்பகுதியிலும் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியைத் தேடி அவர் சென்றார். விறகு பொறுக்கவும் புல்லறுக்கவும் போன பெண்களே அதற்கு அதிகமாக இரையாகியிருந்தனர். கிராமங்களில் பகலிலும் கதவுகள் அடைந்தே கிடந்தன. கார்பெட்டிடம் அன்று 0.5 அங்குல விட்டமுள்ள வலிமைமிக்க இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. தோட்டாக்களோ மூன்றுதான். மூன்றும் தீர்ந்தபோது, காயமடைந்த புலி இன்னும் உயிரோடு நின்றது. கார்பெட் ஓடிச் சென்று, உடன் வந்த வட்டார வருவாய் அதிகாரியான தாசில்தாரின் பழைய துப்பாக்கியைப் பிடுங்கி வந்தார். மூடினாலும் குழலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே இடைவெளி தெரிந்த துப்பாக்கி அது. கையிலேயே வெடித்திருக்கவும் கூடும். அதிலிருந்து பாய்ந்த குண்டு தலையைத் தவறவிட்டுப் புலியின் முன்பாதத்தில் பட்டது. நல்வேளையாக, முந்தைய காயங்களாலேயே அது சாகும் தறுவாயில் இருந்தது.

இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்த கார்பெட், வலப்பக்கத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருப்பதைக் கண்டார். என்றோ ஒருவர் சுட்ட குண்டு செய்த வேலை. பல்லிழந்த புலியால் தன் இயல்பான இரையைப் பிடிக்க முடியவில்லை. அதனால் அது மனிதரை நாடியது. குறி தவறிய ஒரு குண்டுக்கு நூற்றுக்கணக்கான மலைவாழ் மக்கள் விலை கொடுத்திருந்தனர்.

அந்த வெற்றியைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு ரிக்பி துப்பாக்கியைப் பரிசளித்தார். விட்டம் 0.275 அங்குலம், அதாவது ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர். அதன் குண்டின் எடை ஒன்பது கிராம் அளவே. கார்பெட் வைத்திருந்த மற்றோர் இரட்டைக் குழல் துப்பாக்கியின் குண்டோ ஏறத்தாழ 26 கிராம். புலி வேட்டைக்குச் சிறியது பொருந்தாது என்று எவரும் எண்ணக்கூடும். ஆப்பிரிக்காவில் பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இதே ஏழு மில்லிமீட்டர் துப்பாக்கியால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டில் மூளை எங்கே இருக்கிறது என்பதை அவர் அறுத்துப் பார்த்தே கற்றிருந்தார். அந்த அறிவில்லாதவர் கையில் அதே துப்பாக்கி யானையைக் காயப்படுத்தி அனுப்பியிருக்கும்.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், 64 உயிர்களைப் பறித்த சௌகர் ஆட்கொல்லிகளுள் எஞ்சியிருந்த பெண்புலியைத் தேடி, கார்பெட் ஓர் ஓடைப்பள்ளத்தில் இறங்கினார். வழியில், பக்கி என்னும் இரவுப் பறவையின் முட்டைகள் இரண்டைக் கண்டார். முட்டை சேகரிப்பில் ஆர்வமுள்ள அவர், அவற்றை இடக்கையில் எடுத்துக்கொண்டார். வலக்கையில் ரிக்பி இருந்தது. பெரும்பாறை ஒன்றைக் கடந்து வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். எட்டு அடித் தொலைவில் புலி அவர் முகத்தையே நோக்கிப் படுத்திருந்தது. சட்டென்று அசைந்தால் பாய்ந்துவிடும். துப்பாக்கியின் முனையோ வேறு பக்கம் நோக்கியிருந்தது. அவர் ஒற்றைக் கையாலேயே அதை மிக மெதுவாகச் சுழற்றினார். கை முழுதும் நீண்ட நிலையில் விசையை அழுத்தினார். சிறிது நேரம் புலி அப்படியே இருந்தது. பிறகு அதன் தலை முன்பாதங்களின்மேல் மெல்லச் சாய்ந்தது.

கையில் முட்டைகள் இருந்ததால்தான் பதற்றத்தில் இரு கைகளாலும் துப்பாக்கியைத் திருப்பவில்லை என்று கார்பெட் பின்னர் எண்ணிப் பார்த்தார். கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால், ஒற்றைக் கையால் அதை உயர்த்தியிருக்கவே முடியாது என்பதையும் உணர்ந்தார். முட்டைகளை அவர் மறவாமல் கூட்டிலேயே திரும்ப வைத்தார்.

இதனால் பெரிய துப்பாக்கியை வீண் என்று தள்ளிவிடவும் இயலாது. இரட்டைக் குழலில் இரண்டாம் குண்டு உடனே பாயும்; ரிக்பியிலோ ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டும். அடிபட்டுச் சீறிவரும் விலங்கின்முன் அந்த நொடி பெரிது. கார்பெட் இரு வகைத் துப்பாக்கிகளையும் கடைசிவரை வைத்திருந்தார்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, அவர் தோளில் துப்பாக்கியைவிட நிழற்படக் கருவியே மிகுதியாகத் தொங்கியது. 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாகத் துணை நின்றார். 1947இல் தமக்கை மேகியுடன் கென்யாவில் குடியேறி, 1955 ஏப்ரல் 19இல் நியேரியில் காலமானார். இரண்டு ஆண்டுகளில் அப்பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1968இல் தென்கிழக்காசியப் புலியினத்தின் அறிவியல் பெயரிலும் கார்பெட் இடம்பெற்றார். நம் தீபகற்பத்தின் புலி தனி இனமாகப் பிரிக்கப்பட்ட 2004 வரை, பகாங், கிளந்தான் காடுகளில் உலவிய புலிகளும் அவர் பெயரையே தாங்கியிருந்தன.