திருவாரூர் ஈன்ற மூவலூர் அம்மையார்

ஆழித்தேர் உலாவரும் திருவாரூர், பாட்டுக்கும் கூத்துக்கும் பேர்பெற்ற பதி. கோயிற் பணியில் நின்று அக்கலைகளை வாழையடி வாழையாகக் காத்த மகளிர் பலர் இம்மண்ணில் வாழ்ந்தனர். கலை கற்க வாய்ப்புப் பெற்ற அவர்களுக்குத் தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை மட்டும் வாய்க்கவில்லை. அவ்வுரிமைக்காகத் தம் வாழ்நாளையே ஈந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883ஆம் ஆண்டில் பிறந்ததும் இத்திருவாரூரிலேதான்.

வறுமை அக்குழந்தையை விலைப்பொருளாக்கிற்று. பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் ஈடாக மூவலூர்த் தாசி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டார் என அவர் வரலாறு கூறும். மாயூரத்தை அடுத்த அச்சிற்றூரே பின்னாளில் அவர் பெயரின் முன்னொட்டாயிற்று. பள்ளி வாயிலை மிதிக்க வழியில்லாத அவர், ஆடலும் பாடலும் பயின்றார். பொட்டுக்கட்டும் வாழ்வை மறுத்துத் தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்தார். அவர் தமக்காகப் பெற்ற முதல் விடுதலை அது.

அதனை அவர் தமக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளவில்லை. ஊர் ஊராகச் சென்று, தாசி குலத்துப் பெண்களின் வீட்டுத் திண்ணைகளிலேயே அமர்ந்து பேசினார். 1925இல் மாயூரத்தில் கூடிய இசை வேளாளர் மாநாடு அம்முயற்சிக்கு வலுவூட்டிற்று. எதிர்ப்பும் உடன் வளர்ந்தது. மேடையில் நின்ற அவருடைய கூந்தலைப் பகைவர் அறுத்தனர் என்பர். அதன்பின் அவர் குறுகிய முடியுடனேயே மேடையேறினார்.

அக்காலத்தே சட்டமன்றத்தில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி இதே நோக்கத்திற்காக வாதாடிக்கொண்டிருந்தார். புதுக்கோட்டைக் கல்லூரியில் ஆடவரிடையே பயின்று, பின்னர் மருத்துவப் பட்டம் பெற்றவர் ஒருவர். ஏட்டுக் கல்விக்கு வழியின்றி மேடையையே கல்விக்கூடமாக்கிக் கொண்டவர் மற்றவர். மன்றத்தில் ஒருவரும் மக்களிடையே ஒருவருமாக நின்று போராடியதன் பயனாக, 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று.

1936இல் அம்மையார் எழுதிய தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்னும் புதினம், தாம் கண்ட வாழ்வையே பொருளாகக் கொண்டது. பிறர் தம்மைப்பற்றி எழுதியதைக் கேட்டு வந்த குலத்திலிருந்து ஒரு பெண்ணே எழுதுகோல் பிடித்தது தமிழிலக்கிய வரலாற்றில் குறிக்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

1938இல் ஐம்பத்தைந்து வயதில், இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த தமிழர் படையில் அவரும் நடந்தார். அவ்வாண்டு நவம்பரில் சிறையும் புகுந்தார். 1949க்குப் பின் திராவிட முன்னேற்றக் கழகத்தில் பணியாற்றி, 1962இல் மறைந்தார்.

சீர்திருத்தத்திற்கு ஒரு விலையும் இருந்தது என்பதை மறைத்தல் தகாது. இழிவு நீங்கியபோது, தலைமுறை தலைமுறையாகக் காத்த ஆடற்கலையும் அப்பெண்களில் பலரின் கையை விட்டு நழுவிற்று. வேறு குலத்தார் அதனைக் கற்று மேடையேறிப் புகழ்பெற்றனர். அடிமைத்தளையை அறுத்தால் மட்டும் போதாது. தளை நீங்கியவர்க்குக் கல்வியும் தொழிலும் தந்து அவையில் இடமும் அளித்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

1989இல் தமிழக அரசு அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு நிதியுதவி வழங்கத் தொடங்கிற்று. 2022இல் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக உருமாறி, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி புகும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குவதாயிற்று. மணத்திற்கு உதவிய பெயர் படிப்பிற்கு உதவும் பெயராக மாறியது, அம்மையார் வாழ்வின் கருத்தை இன்னும் நெருங்கியதாகும்.

அவர் பிறந்த ஊரருகே நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் எழுந்து நிற்கிறது. அங்கும் தமிழகத்துக் கல்லூரிகள் அனைத்திலும் பயிலும் பெண்கள், உதவித்தொகைச் சீட்டில் மட்டும் அப்பெயரைக் கண்டு அமைதல் போதாது. வகுப்பறையில் அவர் வரலாறு பாடமாதல் வேண்டும். அவருடைய புதினம் ஆராயப்படுதல் வேண்டும். கவிஞர் பெருமக்கள் ஆரூரைப் பாடும்போது, தேருக்கும் திருக்குளத்திற்கும் அருகே, பத்து ரூபாய்க்கு விலைபோன அக்குழந்தைக்கும் ஓரடி ஒதுக்குவாராக!