திருட்டுப் புகார் கொடுத்தவரே கைதானார்! போத்தனூர் அம்மாவின் மகன், கம்ப்யூட்டர் மேதை டூரிங் கதை

திருப்பூர், ஜூன் 7–

வீட்டில் திருட்டு. வீட்டுக்காரர் போலீசுக்குப் போனார். கடைசியில் புகார் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார்!

1952-ல் இங்கிலாந்தில் நடந்தது இது. மாட்டிக்கொண்டவர் கம்ப்யூட்டருக்கு அடிப்படை போட்ட கணித மேதை ஆலன் டூரிங். இன்று அவர் இறந்த நாள்.

தாயார் ஊர்

திருப்பூரில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் போத்தனூர். டூரிங்கின் தாயார் ஈதெல் சாரா 1881-ல் பிறந்தது அங்கேதான். தாத்தா ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வே தலைமை என்ஜினீயர். தகப்பனார் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் பிறந்தது குன்னூரில். ஆலன் மட்டும் 1912-ல் லண்டனில் பிறந்தார்.

பள்ளிக்கூடத்தில் கிறிஸ்டோபர் என்ற மாணவன் மேல் உயிரையே வைத்திருந்தார். 1930-ல் அந்தப் பையன் காசநோயில் போய்விட்டான். அவனுடைய தாயாருக்குப் பல வருஷம் கடிதம் எழுதி வந்தார் டூரிங்.

காகித எந்திரம்

எழுதிக் கொடுத்த கட்டளைப்படி விதவிதமான கணக்கைப் போடும் எந்திரத்தை 1936-ல் காகிதத்திலேயே யோசித்துக் காட்டினார். அப்போது வயது 24. இன்று பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் அந்த யோசனையின் வாரிசு.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்களின் எனிக்மா ரகசியச் சங்கேதத்தை உடைத்தவர்களில் முன்னணியில் நின்றார்.

நின்ற கல்யாணம்

1941-ல் கூட வேலை பார்த்த ஜோன் கிளார்க்குடன் கல்யாணம் பேசி முடிந்தது. தனக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம் என்பதை அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொன்னார். பிறகு தானே கல்யாணத்தை நிறுத்தினார். ஊருக்காகத் தாலி கட்டி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கவில்லை.

கோர்ட்டில்

திருட்டு விசாரணையில், 19 வயது வாலிபர் ஒருவருடன் தனக்கு இருந்த உறவைப் போலீசாரிடம் ஒப்புக்கொண்டார். இருவரும் மனம் ஒத்த உறவு. ஆனால் அன்றைய சட்டப்படி குற்றம்.

ஜெயிலா, ஹார்மோன் மருந்தா என்ற நிலை. மருந்தை ஏற்றார். ஒரு வருஷ மருந்தில் மார்பு பெருத்து உடம்பு உருமாறியது. அரசாங்கத்தின் ரகசிய வேலையும் பறிபோனது. போர்க்காலத்தில் அவர் செய்தது என்ன என்று ஊருக்குத் தெரிய வந்ததே 1970-களில்தான்.

1954 ஜூன் 7-ந்தேதி விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணையில் முடிவானது. தாயார் அதை ஏற்கவே இல்லை. கைத்தவறு என்றே நம்பினார்.

மன்னிப்பு

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். 2013-ல் ராணி மன்னிப்பு வழங்கினார். 2021-ல் 50 பவுண்டு நோட்டில் டூரிங் படம் வந்தது.

வெள்ளைக்காரன் 1860-ல் இங்கே போட்ட 377-வது பிரிவு, மனம் ஒத்த பெரியவர்களுக்குப் பொருந்தாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இந்த ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொல்லி சென்னை ஐகோர்ட்டு 2021-ல் உத்தரவிட்டது. அந்தத் தேதியும் ஜூன் 7!

பிள்ளை உண்மையைச் சொன்னதும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடும் தாய் தகப்பன்மார், இந்தப் போத்தனூர் அம்மாவை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம். நோயே இல்லாத பிள்ளைக்கு மருந்து எதுக்கு?