மல்லர் காமா

மல்யுத்தத்திலே தோல்வி நேரும் வகைகளுள் இரண்டைக் கூறலாம். எதிராளி ஒருவனை மல்லாத்தி அவன் தோளிரண்டையும் தரையிற் படச்செய்வதால் வருவது ஒன்று. பிடியின் வேதனையைப் பொறுக்கமாட்டாமல் தோற்றேனென்று தானே ஒப்புக்கொள்வதால் வருவது மற்றொன்று. இவ்விரண்டும் தம்மை அணுகாதபடி ஏறக்குறைய அரை நூற்றாண்டு கோதாவில் நின்றவர் எனப் புகழப்பெற்ற காமா என்பாரின் சரித்திரத்தை நம் மாணாக்கர்க்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ் என்பது. பஞ்சாபில் அமிர்தசரஸ் நகரத்திற்கு அணித்தான ஒரு சிற்றூரில், பரம்பரையாக மல்வித்தை பயின்றுவந்த காஷ்மீர முஸ்லிம் குடும்பமொன்றில் 1878-ம் வருஷம் பிறந்தார். ஆறாம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப்பின் மாமன் ஒருவரும் அவரை வளர்த்து வித்தை பயிற்றினர். 1888-ம் வருஷம் ஜோத்பூர் சமஸ்தானத்தில் ஒரு தேகாப்பியாசப் போட்டி நடந்தது. நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர்கள் கூடிப் பஸ்கி போட்டனர். ஒருவர்பின் ஒருவராகப் பலரும் ஓய்ந்து விலக, இறுதிவரை நின்ற பதினைவருள் பத்து வயதுச் சிறுவராகிய காமாவும் ஒருவர். அவ்விளமையை வியந்த மகாராஜா அவரையே வென்றவராகக் கூறினார். அதன்பின் ததியா சமஸ்தானத்து மன்னர் அவரைத் தம் ஆதரவில் வைத்துப் பயிற்சி பெறச்செய்தார்.

அப்பயிற்சியின் கடுமையை நினைப்பினும் நம்மனோர்க்கு மலைப்புண்டாகும். பஸ்கியும் தண்டாலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் நிகழ்ந்தன. காமா ஐந்தடி எட்டங்குலத்திற்கு மேற்படாத உயரத்தினர். ஆயினும் இளமையிலேயே, ஏழடிக்குச் சிறிதே குறைந்த உயரமுடைய ரஹீம் பக்ஷ் என்னும் பெருமல்லரை எதிர்த்துச் சமமாக நின்றார். நாடு முழுதும் அவர் பெயரைப் பேசத் தொடங்கியது.

1910-ம் வருஷம் தம் இளவல் இமாம் பக்ஷுடன் காமா இலண்டனுக்குச் சென்றார். உயரம் போதாதென்று அங்கே போட்டியிற் சேர்க்க முதலில் மறுத்தனர். எத்துணைப் பருமையுடையாராயினும் மூவரை முப்பது நிமிஷத்திற்குள் வீழ்த்துவதாக அவர் அறைகூவினார். முதலிற் பலர் நகைத்தனர். பின்னர் முன்வந்த அமெரிக்க மல்லர் ரோலரை ஒரே நாளில் இருமுறை வீழ்த்தவே, நகைப்பு அடங்கிற்று.

செப்டம்பர் 10-ம் தேதி, போலந்து தேசத்துப் புகழ்பெற்ற மல்லர் ஸ்பிஸ்கோவுக்கும் காமாவுக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். ஆனால் அதன்பின் நிகழ்ந்ததுதான் வியப்பு. உடற்பருமை மிக்க ஸ்பிஸ்கோ குப்புறக் கிடந்தபடியே தரையைப் பற்றிக்கொண்டார். எழுந்து பொரவுமில்லை, மல்லாத்த இடங்கொடுக்கவுமில்லை. இரண்டரை மணிநேரத்திற்கு மேலும் காமா முயன்றார். முடிவில் வெற்றி தோல்வியின்றிப் போர் நிறுத்தப்பட்டது. ஒருவார காலங்கழித்து மீண்டும் பொர வேண்டுமென நாள் குறித்தனர். அந்நாளில் ஸ்பிஸ்கோ கோதாவுக்கு வரவில்லை. ஆகவே பரிசுக் கச்சை காமாவுக்கே உரியதாயிற்று.

இவ்விடத்து நாம் சற்றுச் சிந்திப்போமாக. ஸ்பிஸ்கோவும் அன்று தோற்றேனென்று சொல்லவில்லை. எனினும் ஜனங்கள் அவரைப் புகழ்ந்திலர். தோல்வியை ஒப்புக்கொள்ளாமை மட்டும் வீரமாகாது; எழுந்து நின்று முயல்வதே வீரம் என்பது இதனாற் புலனாகும். காமாவோ, எதிராளி வாராமையாற் கிடைத்த வெற்றியைக் கொண்டு தம் பயிற்சியை நெகிழவிடவில்லை. நாடு திரும்பியபின் அலகாபாத்தில் ரஹீம் பக்ஷை வென்று, இந்தியாவின் தலைசிறந்த மல்லர்க்குரிய ருஸ்தமே ஹிந்த் என்னும் பட்டம் பெற்றார். அதன்பின்னும் நாள்தோறும் உழைத்தே வந்தார்.

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1928-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் பாட்டியாலா சமஸ்தானத்திலே அவ்விருவரும் மறுபடியும் சந்தித்தனர். இருவரும் ஐம்பது வயதை அணுகியவர்கள். ஸ்பிஸ்கோ இத்துணைத் தொலைவு கடந்து, எதிராளியின் நாட்டுக்கே, எதிராளிக்குப் பழக்கமான மண் கோதாவுக்கே வந்து பழைய கணக்கைத் தீர்க்க நின்றது அவர் பெருமையை மீட்டதென்றே நாம் கருதுகிறோம். இம்முறை அவர் குப்புறக் கிடக்கவில்லை, நேர்நின்று பொருதார். ஒரு நிமிஷத்திற்குள் காமா அவரை மல்லாத்திவிட்டார். முன்னே இரண்டரை மணியிலும் முடியாதது இப்போது ஒரு நிமிஷத்தில் முடிந்ததெனின், இடைப்பட்ட ஆண்டுகளின் உழைப்பையன்றோ நாம் எண்ணவேண்டும்? மறு வருஷம் பீட்டர்ஸன் என்பாரையும் அவர் விரைவில் வென்றார்.

கோதாவிற்கு வெளியே காமா செய்த செயலொன்று இவையெல்லாவற்றினும் மேலானது. 1947-ம் வருஷத்துப் பிரிவினைக் கலகத்தில், லாகூரில் தம் வீதியில் வாழ்ந்த இந்துக்களைக் கொல்ல வந்த கூட்டத்தை அவர் தம் மல்லர்களுடன் தடுத்து நின்று காத்தார். அன்று அவர்க்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. தம் வலிமை யாருக்காக என்பதை அவ்வீதியிலே அவர் உலகறியக் காட்டினார்.

இறுதி நாட்களில் வறுமையும் நோயும் அவரை வருத்தின. 1960-ம் வருஷம் மே மாதம் லாகூரில் உயிர்நீத்தார். ஆயிரமாயிரம் பேர் ஆரவாரித்த வீரர்க்கும் முதுமையில் துன்பம் நேர்ந்ததே என்று நெஞ்சம் நெகிழ்கிறது.

அன்புள்ள மாணாக்கர்களே, நம்மிற் பலர் கோதாவில் இறங்கப்போவதில்லை. எனினும் விளங்காத பாடமும், கைகூடாத பரீட்சையும், குப்புறக் கிடந்த ஸ்பிஸ்கோவைப்போல அசையாமல் நம்மை எதிர்ப்பதுண்டு. ஒருநாள் முயற்சியால் அது புரளாவிடின் சோர்தல் வேண்டா. நாள்தோறும் உழைப்போம், மறுமுறை சந்திக்கும் நாளை எதிர்நோக்குவோம். அவ்வாறு பெறும் வலிமையை மெலியார்க்கு அரணாக நிறுத்துவோமாக. கடவுள் நமக்கு உடலையும் உள்ளத்தையும் தந்தது அதற்கேயாம்.