பேராசிரியர் ஜகதீஸ் சந்திர போஸ்

வங்கநாட்டு மைமன்சிங்கில் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி பிறந்த சேர் ஜகதீஸ் சந்திர போஸ், கேம்பிரிட்ஜிற் கற்றுத் திரும்பி, 1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் ஐரோப்பியரினுங் குறைந்த சம்பளமே அவருக்கு விதிக்கப்பட்டது. அவர் வேலையைத் துறக்கவுமில்லை, அச்சம்பளத்தைத் தொடவுமில்லை. தந்தையாரின் கடன் குடும்பத்தை வருத்தியபோதும், மூன்றாண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார். ஈற்றில் முழுச் சம்பளமும் நிலுவையுடன் கிடைத்தது. அதனாற் கடனைத் தீர்த்தார்.

1894இல் கல்லூரிச் சிற்றறையொன்றில் மின்காந்த அலைகளை ஆராயத் தொடங்கினார். தாமே வகுத்த கருவிகளால், 5 மில்லிமீற்றர் அளவு குறுகிய அலைகளையும் பிறப்பித்தார். கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் விடுத்த அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று மணியை ஒலிப்பித்தன, வெடிமருந்தை வெடிப்பித்தன. இன்று நாம் நுண்ணலை என வழங்குவதும், ராடருக்குப் பயன்படுவதும் இத்தகைய குற்றலைகளே.

1917இல் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் வச்சிராயுதத்தைச் சின்னமாகக் கொண்டது. ததீசி முனிவர் தேவர்பொருட்டுத் தம் முதுகெலும்பை ஈந்ததாற் பிறந்த படையன்றோ அது! 1937 நவம்பர் 23இல் போஸ் மறைந்தார். உரிமை மறுக்கப்படுங்காற் கடமையையுங் கைவிட எண்ணும் இளைஞராகிய நாம், அவர் ஊதியமின்றி உழைத்த அம்மூன்றாண்டுகளை நினைப்போமாக.